கிழிந்துபோன பக்கங்களில் இருந்த கடல்

புத்தகத்தைப் படித்துவிட்டுப் படம் பார்ப்பதா, படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பதா என்று யாராவது கேட்டால், புத்தகம்தான் முதலில் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். காலேஜ் படிக்கிற நாளிலிருந்து அதைத்தான் சொல்லி வருகிறேன். இப்போதும் என் பதில் அதுதான். ஆனால் காரணம் மாறிவிட்டது. கொஞ்ச நாளாக அதில் ஒரு சின்ன சந்தேகமும் சேர்ந்திருக்கிறது. அதை எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எல்லாரும் சொல்கிற காரணம், படத்தை முதலில் பார்த்தால் கதை தெரிந்துவிடும், அப்புறம் படிக்க என்ன சுவாரஸ்யம் என்பது. அதை நானும் ஒரு காலத்தில் சொன்னதுண்டு. இப்போது எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கர்ண மோட்சம் கூத்து ஊரில் நடந்தால், கர்ணன் சாகப்போகிறான் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? கதை தெரிந்தவர்கள்தான் விடியற்காலையில் அதிகம் அழுகிறார்கள். முடிவு தெரிந்துவிடுவதால் ஒரு நல்ல கதைக்கு ஒன்றும் ஆகிவிடாது. போவது வேறு. எனக்கு அது போனபோதுதான் என்னவென்று புரிந்தது.

மாயவரத்தில் எங்கள் பாட்டி வீட்டில் பொன்னியின் செல்வன் இருந்தது, ஆனால் கடையில் வாங்கின புத்தகமாக இல்லை. கல்கி பத்திரிகையில் அது மறுபடியும் தொடராக வந்தபோது வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்து எடுத்து, வரிசையாக அடுக்கி, ஒரு வருஷத்துக்கு ஆனதும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வைத்திருந்தார் பாட்டி. அந்தக் காலத்தில் நிறைய வீடுகளில் இப்படித்தான். பக்கத்தின் பின்னால் பாதி ஜோக், பாதி தலைவலி மாத்திரை விளம்பரம். ஓரமெல்லாம் பழுப்பேறி, திருப்பும்போது பொடிப்பொடியாக மடியில் உதிரும். மதியம் மூன்று மணிக்குக் கூடத்து ஊஞ்சலில் படுத்துக்கொண்டு அதைப் படித்த விடுமுறைதான் எனக்குத் தெரிந்து நான் அனுபவித்த முதல் பெரிய சந்தோஷம். எனக்கு அப்போது 13 வயது.

இரண்டாம் பாகம் சுழற்காற்று. அதன் கடைசியில் ஒரு கட்டம் வரும். நடுக்கடலில் புயல், இடி விழுந்து கப்பல் பற்றி எரிகிறது, அதில் மாட்டிக்கொண்ட வந்தியத்தேவனைக் காப்பாற்ற இளவரசன் அருள்மொழிவர்மன் இன்னொரு கப்பலிலிருந்து படகில் இறங்கி வருகிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த ஏழெட்டுத் தாள் இல்லை. செல் அரித்திருந்தது. அரித்ததுபோக மிச்சம் இருந்த இடத்தில் இரண்டு பேரும் ஏற்கெனவே படகுக்காரப் பெண் பூங்குழலியின் படகில் இருந்தார்கள்.

பாட்டியிடம் போய்க் கேட்டேன். "பொழச்சுட்டாங்கல்ல, அப்புறம் என்ன, மேல படி" என்றார்.

என்னால் மேலே படிக்க முடியவில்லை. அந்த ஏழெட்டுத் தாளில் என்ன நடந்திருக்கும் என்று நானே கட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த கடல் பூம்புகாரும் தரங்கம்பாடியும்தான். அதனால் என் கடல் தரங்கம்பாடியில் கோட்டைக்கு முன்னால் இருக்கிற கடல், ராத்திரி நேரத்துக் கடல், தண்ணீர் நிறமே இல்லாமல் வெறும் கறுப்பாகச் சத்தம் மட்டும் போடுகிற கடல். அதில் உடைந்த பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். இளவரசன் பேசிக்கொண்டே இருக்கிறான், ஏனென்றால் வந்தியத்தேவன் தூங்கிவிட்டால் கை நழுவிவிடும். சின்ன வயதில் காவிரியில் விழுந்ததையும், ஒரு பெண் வந்து தூக்கிக் கரையில் விட்டதையும், அதனால்தான் பொன்னியின் செல்வன் என்று பேர் வந்ததையும் சொல்கிறான். பசிக்கிறது என்கிறான் வந்தியத்தேவன். தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது, அலை ஏறும்போது தெரிந்து அலை இறங்கும்போது மறைகிறது. அது பூங்குழலியின் படகு. இந்தக் காட்சியை அந்த லீவு முழுக்க ராத்திரி படுத்தபிறகு ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் சேர்ப்பேன். நனைந்த கயிற்றின் வாசனைகூட வந்துவிட்டது.

வேலைக்குப் போன பிறகு ஐந்து பாகமும் சேர்த்துச் சொந்தமாக வாங்கினேன். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் மலிவு விலையில் ஏகப்பட்ட பதிப்பு உண்டு. வாங்கினதும் முதல் வேலையாக அந்த இடத்தைத்தான் புரட்டினேன். கல்கி எழுதியிருந்தது வேறு மாதிரி. ஆனாலும் என் கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்தில் அப்படி ஒரு தாராளம் இருக்கிறது. கல்கி எழுதிய கடலும் நான் கட்டின கடலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டுப் போயின.

அப்புறம் 2022 செப்டம்பர் 30. மணிரத்னம் எடுத்த படத்தின் முதல் பாகம் வந்த நாள். அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், அக்கா மகள் என்று குடும்பமாகப் போனோம். 1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷம் வாரப் பத்திரிகையில் ஓடிய கதை, இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று பேசிப்பேசியே போனது ஒருவழியாகத் திரையில் வருகிறது. எனக்கு டைட்டில் போடும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. படம் எனக்குப் பிடித்திருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்த்தியின் வந்தியத்தேவன் அசல் வந்தியத்தேவன், அந்த வாய்த்துடுக்கும் அந்தச் சிரிப்பும். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானைப் பார்த்து அம்மா கையைத் தட்டிவிட்டார்.

முதல் படம் அந்தக் கடலில்தான் முடிகிறது. எரிகிற கப்பல், இரண்டு பேரும் தண்ணீருக்குள் அமிழ்கிறார்கள், ஊமை ராணி அவர்களை நோக்கி நீந்தி வருகிறாள். ஐஸ்வர்யா ராய் முகம். நாவலில் அங்கே வருவது பூங்குழலிதான், மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. காவிரியில் குழந்தையாக விழுந்தபோது தூக்கியவளே கடலிலும் வருகிறாள் என்பது அழகான முடிச்சு. தியேட்டரில் நானும் அழுதேன்.

மறுநாள் ராத்திரி படுத்தபிறகு பழக்கதோஷத்தில் என் கடலைக் கூப்பிட்டேன். வரவில்லை. நீலத் தண்ணீர் வந்தது, கார்த்தி வந்தார், ஜெயம் ரவி வந்தார். தரங்கம்பாடி வரவில்லை. விளக்கு வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கண்ணை மூடினால் வந்துகொண்டிருந்த ஒன்று, ஒரே ஒரு மூன்று மணி நேரத்தில் போய்விட்டது. அடுத்த நாளும் முயற்சி செய்தேன். இளவரசன் பேசுவது கேட்டது, ஆனால் ஜெயம் ரவி குரலில் கேட்டது.

கதை போகவில்லை. முகம் போய்விட்டது, குரல் போய்விட்டது, வேகம் போய்விட்டது. மனசுக்குள் ஒரு ஆளுக்கு முகம் வரைவது ஒரு தடவைதான் நடக்கிறது போலிருக்கிறது. அதற்கு மேல் ஒரு நடிகரின் முகம் வந்து உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்பி அனுப்புவது லேசில்லை. முதலில் படித்த எனக்கே இப்படி என்றால், முகம் வரையவே இடம் கிடைக்காமல் நேராகப் படத்துக்குப் போகிறவர்களுக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் புத்தகம் முதலில் என்கிறேன். எனக்காவது அந்தக் கடல் அத்தனை வருஷம் இருந்ததே.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப மணியம் வரைஞ்ச படம்? அதுவும் மூஞ்சிதானே?" சரியான கேள்வி. 1950-இல் முதல் தடவை தொடராக வந்தபோதே ஓவியர் மணியம் வாராவாரம் வரைந்தார். குந்தவையின் கொண்டை என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மணியம் போட்ட கொண்டைதான். மறுபடி தொடராக வந்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள், அவரவர் காலத்து ஆட்களுக்கு அவரவர் குந்தவை. ஆனால் வரைந்த படம் அசையாது, பேசாது. குந்தவை எப்படி நடப்பாள், கோபம் வந்தால் குரல் ஏறுமா இறங்குமா என்பதெல்லாம் நம்மிடமே விடப்பட்டிருந்தது. ஒரு வாரத்துக்கு ஓரிரண்டு படம், மீதி ஏழு நாளும் நாம்தான் வரைய வேண்டும். சினிமா அந்த ஏழு நாளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

இதன் முற்றிப்போன நிலையைப் பார்க்க வேண்டுமென்றால் தில்லானா மோகனாம்பாள். கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது, கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. 1968-இல் படம் வந்தது. இன்றைக்கு எத்தனை பேருக்கு அது முதலில் ஒரு நாவல் என்று தெரியும்? என் நண்பர் ஒருவர், நிறையப் படிக்கிறவர், நாவலை எடுத்து ஐம்பது பக்கத்தில் வைத்துவிட்டார். வைத்தி வாயைத் திறக்கும்போதெல்லாம் நாகேஷ்தான் பேசுகிறார், படிக்கவே முடியவில்லை என்றார். அது நல்ல படம் என்பதால்தான் அப்படி ஆகிறது. மோசமான படம் புத்தகத்தை ஒன்றும் செய்யாது, இரண்டு மாதத்தில் மறந்துவிடும்.

சரி, இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

பூமணியின் வெக்கை 1982-இல் வந்த நாவல். எத்தனையோ பேர் படிக்கச் சொல்லியும் படிக்காமலே விட்டிருந்தேன். 2019-இல் வெற்றிமாறன் அதை அசுரன் என்று எடுத்தார், பார்த்தேன், அடுத்த வாரமே புத்தகம் வாங்கினேன். என் கொள்கைப்படி பார்த்தால் தலைகீழ். தனுஷ் முகம் பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கும் என்று பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். நாவல் எடுத்த எடுப்பில் வெட்டில் தொடங்குகிறது. பையன் சிதம்பரம் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான், உயிர் போய்விட்டது. அவ்வளவுதான், அதற்கப்புறம் அப்பாவும் மகனும் ஒளிந்து திரிகிற சில நாள்கள். எங்கே படுப்பது, எதை வைத்து உலை ஏற்றுவது, எந்தப் பக்கம் போனால் ஆள் கண்ணில் படாமல் இருக்கலாம், இதுதான் புத்தகம். படத்தில் தனுஷ் ஒற்றை ஆளாக நின்று அடித்து நொறுக்குகிற அந்தச் சண்டை நாவலில் கிடையாது. கீழ்வெண்மணியை நினைவுபடுத்துகிற அந்த முன்கதையும் படத்துக்காக வந்ததுதான்.

முதல் முப்பது பக்கம் தனுஷ் இருந்தார். அப்புறம் மெல்லக் காணாமல் போனார். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். படம் அப்பாவின் கதை. நாவல் பையனின் பக்கத்திலேயே நடக்கிறது. ஒரு பதினைந்து வயசுப் பையன் பக்கத்தில் படுத்திருக்கிற அப்பாவை எப்படிப் பார்ப்பான்? முகத்தைப் பார்க்க மாட்டான். முதுகைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான், பீடி நெருப்பைப் பார்ப்பான். கேமரா தனுஷின் முகத்தில் போய் நின்ற இடத்திலெல்லாம் பூமணி மண்ணையும் செடியையும் வெயிலையும் எழுதியிருந்தார். அதனால் நடிகருக்கு அங்கே நிற்க இடமில்லாமல் போயிற்று. படமும் எனக்கு உதவி செய்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கரிசல் பேச்சு காதில் ஏற்கெனவே விழுந்திருந்ததால் வட்டார வழக்கு என்னைத் தடுக்கவில்லை. படம் பார்க்காமல் எடுத்திருந்தால் பாதியில் வைத்திருப்பேனோ என்னவோ.

இன்னொரு வகையும் உண்டு. மகேந்திரனின் உதிரிப்பூக்கள், 1979. புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து வந்தது என்பார்கள், டைட்டிலிலும் அவர் பெயர் வரும். ஆனால் தாயில்லாக் குழந்தைகள், வந்து சேர்கிற சித்தி என்ற பொறியை எடுத்துக்கொண்டு மகேந்திரன் வேறு எங்கோ போய்விட்டார். அந்த ஆற்றங்கரை முடிவு குறுநாவலில் தேடினாலும் கிடைக்காது. இங்கே எதை முதலில் எடுத்தால் என்ன? இரண்டும் தனித்தனி.

ஆக, கதையை அப்படியே எடுத்துத் திரையில் வைக்கிற படமாக இருந்தால் புத்தகத்தை முதலில் படியுங்கள், முழுசாக முடியாவிட்டால் முதல் நூறு பக்கமாவது, ஆட்களுக்கு முகம் வந்துசேர்கிற வரைக்குமாவது. வேறு வழியில் போகிற படம் என்றால் நிம்மதியாகப் போய் உட்காருங்கள். இதைத்தான் எழுதி முடிக்க நினைத்திருந்தேன். ஆனால் அக்கா மகள் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

அவளுக்கு இப்போது 14. படத்தின் இரண்டு பாகத்தையும் பார்த்தவள், வீட்டில் டிவியில் எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. இந்தக் கோடை லீவுக்கு என் வீட்டுக்கு வந்தபோது அவளாகவே முதல் பாகத்தைக் கையில் எடுத்தாள். மூன்றாவது நாள் வந்து, "சித்தி, குதிரை இன்னும் ஏரிக்கரையிலயே போயிட்டிருக்கு" என்றாள். படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. நாவல் வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப் பெருக்கன்று, வந்தியத்தேவன் குதிரையில் மெல்லப் போவதில் தொடங்குகிறது. ஏரியின் 74 கணவாயையும் பார்க்கிறான், கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறான். நான் பயந்தது இதைத்தான். முகம் ஏற்கெனவே இருக்கிறது, வேகமும் படத்தின் வேகம், இவள் எங்கே படிக்கப்போகிறாள் என்று.

அவளிடம் ஒன்று சொன்னேன். இது வாராவாரம் வந்த கதை, அடுத்த வாரம் வரைக்கும் ஆட்கள் இதை மென்றுகொண்டிருந்தார்கள், ஒரே மூச்சில் ஓடாதே, நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் படிக்காதே என்று. அந்த ஏரி இப்போதும் இருக்கிறது, வீராணம் என்கிறோம், நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் அதன் தண்ணீரும் கலந்திருக்கிறது என்றேன். அவள் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தாள். அதற்கப்புறம் ஏரிக்கரை அவளுக்கு நீளமாகத் தெரியவில்லை.

லீவு முடிந்து ஊருக்குப் போனாள். புத்தகங்களையும் கொடுத்தனுப்பினேன். நான்காம் பாகம் மணிமகுடம் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ராத்திரி போன். எடுத்ததும், "யாரு சித்தி இந்த மணிமேகலை? படத்துல இல்லவே இல்லையே?" என்றாள்.

கடம்பூர் மாளிகைப் பெண், கந்தமாறனின் தங்கை. படத்தில் அவளை முழுசாக எடுத்துவிட்டார்கள். ஐந்தரை மணி நேரத்துக்குள் அத்தனை பேரையும் எப்படி அடக்குவது, எனக்குப் புரிகிறது. ஆனால் நாவலை முடித்தவர்களுக்குத் தெரியும், கடைசி அத்தியாயமே அவளுடையதுதான். அத்தனை பெரிய அரசியலையும் பட்டாபிஷேகத்தையும் முடித்துவிட்டு கல்கி கடைசியில் போய் நின்றது அவளிடம். அதை இவளிடம் நான் சொல்லவில்லை.

"அவ கண்ணாடி பார்க்கிறாளா, அதுல அவ மூஞ்சிக்குப் பக்கத்துல வந்தியத்தேவன் மூஞ்சி தெரியுது. நிஜமா கனவான்னு அவளுக்கே தெரியலை" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தியத்தேவன் அவளுக்குக் கார்த்திதான், அது மாறாது. ஆனால் கண்ணாடியில் பக்கத்தில் இருக்கிற முகம்?

"மணிமேகலை எப்படி இருப்பா சித்தி? மணியம் படத்துல எப்படி இருக்கும்? அனுப்புறியா?"

அனுப்பியிருக்கலாம். போனில் தேடினால் கிடைக்கும். நான் அனுப்பவில்லை. "நீ சொல்லு, எப்படி இருப்பா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். கொஞ்சம் மாநிறம். ரொம்ப உயரமில்லை. சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் கன்னத்துல குழி விழும். பேசறப்ப கையை ஆட்டி ஆட்டிப் பேசுவா. முடி சுருட்டை, எண்ணெய் வெச்சுப் படிய வாரினாலும் காதோரம் நிக்கும். "எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா, அவ மாதிரி, ஆனா அவ இல்ல" என்றாள். பேசிக்கொண்டே போனாள், மணி பத்தரை ஆகிவிட்டது, பின்னால் அக்கா போனை வைக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. கடைசியாக, "குரல் எப்படின்னு இன்னும் தெரியல சித்தி, நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்தாள்.